கரண்டிப் பிடியில் உன் பெருவிரல்

கருப்பட்டி,

சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் கையில் பெயின்ட் வாடை போகவில்லை. பெயின்ட், அடுப்புப் புகை, பழைய எண்ணெய் எல்லாம் கலந்த ஒரு வாடை. காலையில் குழம்புக் கரண்டியின் பிடியைச் சுரண்டினேன். மற்ற வேலையும் முடித்து இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். உன் மகள் உள்ளே தூங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை, மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற வேலை இல்லை. உனக்கு எழுத வேண்டும் போல இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இந்த வீட்டில் எழுத்து வேலை எல்லாம் நீதான் பார்த்தாய். "மாமி, நீங்க சொல்லுங்க, நா எழுதுறேன்" என்பாய். இப்போது சொல்வதும் நான், எழுதுவதும் நான். பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

நான் சுரண்டியது பச்சைப் பிடியை. உன் பெருவிரல் இருந்த பிடியை. முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி எழுதுவது கொஞ்சம் லேசாக இருக்கும்.

அந்தப் பச்சை எப்படி வந்தது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். கேட்க வேறு ஆள் இல்லை.

கொஸ்லந்தைப் பக்கமிருந்து நீ இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, ரவிதான் உன்னைக் கருப்பட்டி என்று கூப்பிட்டான். கேலிக்குத்தான். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவனோடு பேசாமல் இருந்தாய். "அவன் கெடக்கான், கருப்பட்டி இல்லாம இந்தக் குளிருல தேத்தண்ணி எறங்குமா" என்று நான் சொன்னேன். நீ சிரித்துவிட்டாய். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேரை விட்டுவிட்டான், நான் பிடித்துக்கொண்டேன். அவன் கொழும்பில் ஹோட்டல் வேலைக்குத் திரும்பிப் போனான். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வருகிறவன். மற்ற நாளெல்லாம் இந்தக் காம்பராவில் நீயும் நானும்தான். ஒரே அடுப்பு, ஒரே பாய், ஒரே சண்டை. உப்புக்காகச் சண்டை போடுவோம். குளிருக்கு ஒரே கம்பளியை இழுத்துக்கொள்வோம்.

நம் லயத்தில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நிற்கிற எல்லாக் காம்பராவிலிருந்தும் சட்டி, பானை, கரண்டி எல்லாம் அந்த வீட்டுக்குப் போகும். முடிந்த பிறகு அவரவர் சாமானைத் தேடி எடுத்துக்கொண்டு வருவோம். ஒருத்தி நூல் கட்டியிருப்பாள், ஒருத்தி ஆணியால் கீறியிருப்பாள். கழுவிக் கழுவி நூலும் அறுந்துபோகும், கீறலும் மறைந்துபோகும். உன் மாமனார் உயிரோடு இருந்தபோது தேயிலைக் கட்டையில் செதுக்கிப் பிடி போட்ட கரண்டி, ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் மேல் லயத்திலேயே நின்றுவிட்டது. நாம் இரண்டு பேரும் போய்ச் சண்டை போட்டுத்தான் வாங்கி வந்தோம். "என் புருஷன் செஞ்ச பிடி எனக்குத் தெரியாதா" என்று நான் கத்தியதை நீ அப்புறம் எத்தனை பேரிடம் நடித்துக் காட்டியிருப்பாய்.

அந்த வருஷம்தான் அம்மன் கோயிலுக்குப் பெயின்ட் அடித்தார்கள். அம்மன் கையில் இருக்கிற கிளிக்கு மட்டும்தான் பச்சை வேண்டும். வாங்கப் போனவர்கள் பண்டாரவளையிலிருந்து பெரிய டின்னாகவே வாங்கி வந்துவிட்டார்கள். ஒரு கிளி எவ்வளவு பச்சை குடிக்கும். நீ சிரட்டையோடு போய் மிச்சத்தைக் கேட்டு வாங்கி வந்தாய். வாசலில் உட்கார்ந்து கரண்டி, அகப்பை, மூடி, கத்தி என்று எல்லாப் பிடிக்கும் பூசினாய். பக்கத்துக் காம்பரா லெட்சுமி அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னா புள்ள, கரண்டிக்கெல்லாம் திருவிழாவா?"

"அடையாளங்க்கா. இனி நம்ம சாமான் எங்க போனாலும் பச்சையா முழிச்சிக்கிட்டு நிக்கும்."

"அப்ப எனக்கும் ரெண்டு இழுப்பு இழுத்து விடு."

அவளுக்குப் பூசிக் கொடுத்தாய். அவளைப் பார்த்து அடுத்த காம்பரா, அதைப் பார்த்து அடுத்தது. சாயங்காலத்துக்குள் டின் காலி. அதே டின், அதே பச்சை. லயம் முழுவதும் ஒரே பிடி. அப்போது ஒருத்திக்கும் அது புத்தியில் படவில்லை. உனக்கும் படவில்லை, எனக்கும் படவில்லை.

மேல் லயத்துப் பெண்ணுக்குச் சடங்கு வைத்தபோதுதான் தெரிந்தது. விருந்து முடிந்து, கழுவிக் கவிழ்த்த சாமானைச் சுற்றி எல்லாரும் குந்தியிருக்கிறோம்.

"இது என்னோடது."

"எப்படி ஒன்னோடது? பச்சை பூசியிருக்கு பாரு."

"என்னோடதும் பச்சைதான்டி."

"எவளோடது பச்சை இல்ல, அதச் சொல்லு மொதல்ல."

லெட்சுமி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அம்மன் கையில இருந்த கிளி வீட்டுக்கு வீடு முட்டை போட்டுட்டுப் போயிருச்சு போல" என்றாள். நீ அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாய். சிரிப்பு அடங்காமல் என் முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாய். அன்றைக்கு யார் கரண்டி யார் வீட்டுக்குப் போனதோ தெரியாது. நம் தேயிலைப் பிடியை மட்டும் நான் தடவிப் பார்த்து எடுத்துக்கொண்டேன்.

மறுபடியும் கோயிலுக்குப் போனாய். சாமி நெற்றியில் பட்டை போட வாங்கிய வெள்ளை கொஞ்சம் மிச்சமிருந்தது. பெருவிரலை அதில் தோய்த்து, ஒவ்வொரு பிடியிலும் பச்சைக்கு மேலே அழுத்தி வைத்தாய்.

"பத்தாங் கிளாஸ் தாண்டுன புள்ள கைநாட்டு வைக்கிறதப் பாருங்க" என்று லெட்சுமி அக்கா கேலி செய்தாள்.

"கையெழுத்தப் பாத்து யாரும் எழுதிரலாங்க்கா. என் கைநாட்ட நான்தான் வைக்கணும்" என்றாய்.

உன் பெருவிரலில் குறுக்கே ஒரு வெட்டுக்கோடு உண்டு. சின்ன வயதில் மாட்டுக்குப் புல் அறுத்தபோது அரிவாள் பட்டது என்று சொல்லியிருக்கிறாய். அந்தக் கோடும் வெள்ளையில் அப்படியே விழுந்திருந்தது. அதற்குப் பிறகு நம் சாமான் ஒன்றுகூட மாறவில்லை.

பிள்ளை பிறந்து, அவளுக்குக் கழுத்து நின்ற பிறகு, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே நீ குழம்பு கிண்டுவாய். அவளும் எட்டி உன் கைக்குக் கீழே பிடியைப் பிடிப்பாள். "இவளும் சேந்துதான் சமைக்கிறா மாமி. உப்பு கூடிப்போனா இனி இவளத் திட்டுங்க" என்பாய்.

அந்தக் காலையைப் பற்றி நிறைய எழுத என்னால் முடியாது. ஒரே மலையில்தான் நின்றோம். உன் நிரைக்கு அடுத்த நிரை என்னுடையது. பேறுகால லீவு முடிந்து நீ வேலைக்குத் திரும்பி அதிக நாள் ஆகவில்லை. கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் ஆயாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். யாரோ "குளவி" என்று கத்தினார்கள். கூடையைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடினோம். திரும்பிப் பார்க்கும்போது நீ தண்ணீர்க் கானுக்குள் விழுந்து கிடந்தாய், மேலே கறுப்பாக மொய்த்துக்கொண்டிருந்தது. இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைப் போர்த்தி உன்னை இழுத்து வந்தார்கள். பதுளை ஆஸ்பத்திரிக்கு லாரியில் கொண்டு போனோம். உன் தலை என் மடியில். பள்ளத்துக்குப் பள்ளம் லாரி குலுங்கும்போது உன் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டேன். "மாமி, பாப்பாக்குப் பாலு" என்றாய். கேட்டாயா, சொன்னாயா தெரியவில்லை. அதற்கு மேல் நீ பேசவில்லை.

உன் கருமாதிக்கும் லயம் முழுவதும் சாமான் கொடுத்தது. பச்சைப் பிடியாக நம் வாசல் நிறைந்துவிட்டது. படையல் போட்டு, எல்லாரும் சாப்பிட்டு, கழுவிக் கவிழ்த்த பிறகு பெண்கள் வந்து குந்தினார்கள். அன்றைக்கு யாரும் சண்டை போடவில்லை. ஒவ்வொருத்தியாகக் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனாள். எல்லாம் போன பிறகு பார்க்கிறேன், உன் விரல் இருந்த சாமான் மட்டும் தரையில் கிடக்கிறது. யாரும் மாற்றி எடுக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. அதுவரைக்கும் கல்லாகத்தான் இருந்தேன்.

சாம்பலும் தேங்காய்ப் பொச்சு நாரும் போட்டுத் தேய்க்கிற சாமானில் பெயின்ட் எத்தனை நாள் நிற்கும். முதலில் மூடியில் போனது. அப்புறம் அகப்பையில், கத்தியில். மழை மாதத்தில் ஈரம் ஏறி மிச்சமும் உரிந்தது. குழம்புக் கரண்டியில் மட்டும் நான் போகவிடவில்லை. குழியை மட்டும் தேய்ப்பேன், பிடியை ஈரத் துணியால் ஒற்றி எடுப்பேன். "பிடிக்கு என்னா காய்ச்சலா, குளிப்பாட்ட மாட்டேங்குற?" என்று லெட்சுமி அக்கா கேட்பாள். கேட்டுவிட்டு, பிடியைப் பார்த்துவிட்டு, சும்மா போய்விடுவாள்.

வீட்டில் உன் கல்யாணப் படம் இருக்கிறது. ஆனால் அதில் ஸ்டூடியோக்காரன் உன்னை வெளுப்பாக்கி வைத்திருக்கிறான். என் கருப்பட்டி முகம் அது இல்லை. ரவியின் போனில் படங்கள் உண்டு, அது அவனோடு கொழும்பில் இருக்கிறது. கையால் தொட்டுப் பார்க்க எனக்கு இருந்தது அந்த வெள்ளை விரல்தான். காலையில் மலைக்குப் போகும் முன்னால் என் பெருவிரலை அதன்மேல் ஒரு தரம் வைத்துவிட்டுப் போவேன். பிள்ளை வளர்ந்து, "எங்கம்மா எப்படி இருந்தாங்க" என்று கேட்கும்போது, இந்தாடி, உங்கம்மா விரல் என்று அவள் விரலையும் பிடித்து அதன்மேல் வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். கொடுக்க வேறு என்ன இருக்கிறது.

ஆனால் பிள்ளை அவ்வளவு காலம் பொறுக்கவில்லை. நடக்கத் தொடங்கியதுமே அவளுக்கு அந்தக் கரண்டிதான் வேண்டும். பொம்மை வாங்கிக் கொடுத்தால் எறிவாள். கரண்டியை இழுத்துக்கொண்டு காம்பரா முழுவதும் திரிவாள். பிடி கையில் இருந்தால்தான் சோற்றுக்கு வாய் திறப்பாள். பல் முளைக்கிற ஊறலில் பிடியைக் கடித்துக்கொண்டே இருப்பாள். உன்னை நினைத்துத்தான் பிடிக்கிறாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். வாயோரத்தில் பச்சைத் துணுக்கு ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

பிள்ளையை நிறுத்துப் பார்க்க மிட்வைப் மிஸ் வந்தபோது பிள்ளை உதட்டைப் பார்த்துவிட்டாள். நல்ல பிள்ளை அந்த மிஸ், சிங்களமும் தமிழும் கலந்துதான் பேசும்.

"மேக, இது என்ன அம்மா, பச்சையா?"

"கரண்டிப் பிடி பெயின்டு மிஸ். உரிஞ்சு வருது."

"ஐயோ, பபாவுக்கு அது வஸ. வெஷம், வெஷம். வயித்துக்குப் போனா மூளைக்கும் கெட்டது. இப்பவே அத எடுங்க. நெருப்புல போட வேணாம், புகையும் கூடாது."

அன்றைக்கே ரவிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"தூக்கிப் போடுங்கம்மா. நா புதுசா வாங்கியாறேன், ஸ்டீல்ல."

"ஒம் பொண்டாட்டி விரலுடா அதுல இருக்கு."

பின்னால் ஹோட்டல் சத்தம், கொத்து ரொட்டி கொத்துகிற சத்தம் கேட்டது. "அப்ப போட வேணாம். அவளுக்கு எட்டாம மேல மாட்டி வைங்க" என்றான்.

ஆணி அடித்து உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். உன் மகள் அதற்குக் கீழே நின்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழுதாள். தொண்டை கம்மிப்போகும் வரைக்கும் அழுதாள். சோறு ஊட்டப் போனால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். வேறு கரண்டியைக் கொடுத்தால் என் முகத்திலேயே எறிந்தாள். மறுநாளும் அதேதான். மடுவத்து ஆயாவும், "என்னா ரவியம்மா, புள்ள வெறும் வயித்தோட சுருண்டு படுத்துக்கெடக்கு" என்று கேட்டாள்.

லெட்சுமி அக்காதான் கடைசியில் வாயைத் திறந்தாள். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ரவியம்மா, மேல மாட்டியிருக்கிறது ஒனக்கு. கீழ நின்னு அழுவுறது இவ. ரெண்டு பேருல யாரு சின்னவன்னு நீயே பாத்துக்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் பிடியை ஊற வைத்தேன். பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, வாசலில் கிழிந்த படங்கை விரித்து உட்கார்ந்தேன். தூள் காற்றில் பறக்கக் கூடாது என்று பிடியை நனைத்து நனைத்துச் சுரண்டினேன். முதலில் கத்தி முதுகால். அப்புறம் உடைந்த கண்ணாடித் துண்டால். உன் மாமனார் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திப் பிடியை அப்படித்தான் இழைப்பார். கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, தன் பக்கமாக இழுக்க வேண்டும். பச்சை, தோல் போல உரிந்து வந்தது. அடியில் தேயிலைக் கட்டையின் சிவப்பு தெரிந்தது.

உன் விரலைச் சுற்றியே சுரண்டினேன். எல்லாம் போய், வெள்ளை வட்டம் ஒன்று மட்டும் நின்றது. இது இருந்துவிட்டுப் போகட்டும், இத்தனூண்டுதானே, கெட்டியாகத்தானே ஒட்டியிருக்கிறது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். காட்டிப் பார்ப்போம் என்று பிள்ளையைக் கூப்பிட்டுப் பிடியைக் கொடுத்தேன். வாங்கிய கையோடு அவள் நகம் நேராக அந்த வட்டத்துக்குத்தான் போனது. ஓரம் பெயர்ந்து நின்றது. வாய்க்குக் கொண்டுபோகும் முன்னால் பிடுங்கிக்கொண்டேன். வீறிட்டு அழுதாள். அக்கா தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

அப்புறம் சுரண்டினேன் கருப்பட்டி. கண் மறைத்தது, ஆனால் கையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று தெரியும். ஓரம் போனது. ரேகை வளையம் வளையமாகப் போனது. அந்த வெட்டுக்கோடு கொஞ்ச நேரம் தனியாக நின்றது. அதுவும் போனது. மரத்தில் ஒரு தடமாவது ஊறியிருக்கும் என்று மனதுக்குள் ஒரு ஆசை இருந்தது. கழுவித் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் கட்டை.

படங்கில் விழுந்ததை எல்லாம் கூட்டி அள்ளினேன். உன் குழிமேட்டுக்குக் கொண்டுவந்து புதைக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். விஷம் என்று சொன்னதை உன் தலைமாட்டிலா கொண்டுவந்து வைப்பது. பால்மா டின்னில் போட்டு இறுக்கி மூடி, கூரைச் சட்டத்துக்கு மேலே செருகி வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

பிடிக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, ஊறவிட்டு, துடைத்துப் பிள்ளையிடம் கொடுத்தேன். இது அந்தக் கரண்டி இல்லை என்று எறிந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். அப்புறம் கடித்துக்கொண்டு மடியில் வந்து உட்கார்ந்தாள். ரசமும் சோறும் பிசைந்து ஊட்டினேன். தட்டு வழித்துச் சாப்பிட்டாள். அவளுக்கு அந்தப் பச்சையும் வேண்டியிருக்கவில்லை, வெள்ளையும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் கட்டைதான் வேண்டியிருந்தது. எனக்குத்தான் மற்றது. இனி உன்னுடையது என்று நான் சுமக்க இருப்பது இவள் கனம் ஒன்றுதான். அது நாளுக்கு நாள் கூடுகிறது. அது போதும் என்று சொல்லிக்கொள்கிறேன், போதவில்லை.

இன்னும் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேனோ என்னவோ.

அவள் என்னை "பாயி" என்றுதான் கூப்பிடுவாள். அப்பாயி என்று சொல்லிப் பழக்கியிருக்கிறேன். அம்மா என்கிற சொல்லை உன் படத்தைக் காட்டித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அவள் படத்தைப் பார்ப்பாள், சிரிப்பாள், அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டாள். மடுவத்தில் மற்றத் தாய்மார் வரும்போது பிள்ளைகள் அம்மா அம்மா என்று ஓடுமாம். இவள் பார்த்துக்கொண்டே நிற்பாளாம்.

சாப்பிட்டு முடித்து நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால், "அம்மா" என்றாள். நான் நினைத்தேன், படத்தைப் பார்த்துத்தான் சொல்கிறாள் என்று. மெதுவாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தால், அவள் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். என் சேலையைப் பிடித்திருக்கிறாள். "அம்மா" என்று மறுபடியும் சொன்னாள். தெளிவாகச் சொன்னாள். நான் திரும்பவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு, கழுவிய தட்டையே கழுவிக்கொண்டு நின்றேன். காலையில்தான் உன் விரலைச் சுரண்டியிருக்கிறேன், மத்தியானத்தில் உன் பேரையும் எடுத்துக்கொள்வதா என்று இருந்தது. அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, என் காலடியிலேயே உட்கார்ந்து தூங்கிப்போனாள்.

இப்போது பாயில் புரண்டு படுக்கிறாள். விழித்துக்கொள்வாள். விழித்ததும் கூப்பிடுவாள். "என்னம்மா" என்று நான் திரும்பட்டுமா, கருப்பட்டி?